லைன் வீட்டு விரியன்

கல்லாவியில் என் சின்ன வயசில் ஒருவரை "கோலாருக்குப் போனவர்" என்று சொன்னால், அவர் கோலார் ஊருக்குப் போனவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தங்கவயலுக்குப் போனவர், பூமிக்கு அடியில் இறங்கி வேலை பார்த்து, இருமலோடு திரும்பி வந்தவர் என்று அர்த்தம். என் தாத்தா அப்படிப் போன ஆள். எங்கள் பக்கம் அப்போது சேலம் ஜில்லா. தருமபுரி 1965லும் கிருஷ்ணகிரி 2004லும்தான் தனி மாவட்டம் ஆயின. சாமல்பட்டியில் ரயிலேறி, ஜோலார்பேட்டையில் மாறி, பங்காருப்பேட்டையில் இன்னொரு முறை மாறி, மாரிகுப்பத்தில் இறங்க வேண்டும். மானாவாரி நிலத்தில் கேழ்வரகு காய்ந்துபோன வருஷங்களில் ஊரில் பாதி ஆம்பளைகள் அந்த வழியில் போனார்கள் என்று பாட்டி சொல்லுவாள்.

தாத்தாவிடம் நாங்கள் கேட்டதெல்லாம் தங்கத்தைப் பற்றியும் பாம்பைப் பற்றியும்தான். புதையல் இருக்கும் இடத்தில் பாம்பு காவல் இருக்கும் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அவ்வளவு தங்கம் இருக்கிற இடத்தில் எவ்வளவு பெரிய பாம்பு இருக்கும்? தாத்தா சிரிப்பார். "கீழ பாம்பு ஏதுடா? கீழ சூடு. பாம்பெல்லாம் மேல, லைன் வூட்டாண்ட. எலிக்குக் காவல்" என்பார். அப்போது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் சொன்னது சரியான விலங்கியல் என்பது பின்னால்தான் புரிந்தது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நண்பர் ஒருவர் அனுப்பிய படங்கள். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ரயோலைட் என்று ஒரு பாழூர். 1904ல் அந்தக் குன்றுகளில் தங்கம் கிடைத்தது. சில வருஷத்தில் மூன்று மாடி வங்கிக் கட்டடம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், பழைய பாட்டில்களை அடுக்கியே கட்டிய ஒரு வீடு என்று ஊர் எழுந்து நின்றது. 1916ல் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். 1920க்குள் ஏறக்குறைய ஆளே இல்லை. இப்போது அங்கே போகிறவர்களை, சுவர் இடுக்கில் கை வைக்காதே, கல்லைப் புரட்டாதே, கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும் என்று எச்சரிக்கிறார்கள். நண்பர் கீழே எழுதியிருந்தார்: "நம்ம கேஜிஎஃப் மாதிரியே இருக்கு இல்ல?"

மாதிரிதான். ஆனால் அந்த ஒப்புமையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்ல என் அத்தையின் கதையையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

*

தங்கவயலைப் பாலைவனம் என்று நினைக்கிறவர்கள் இப்போது அதிகம். 2018ல் வந்த சினிமா அதற்கு ஒரு காரணம். படத்தில் வரும் அந்த வறண்ட சாம்பல் நிலம், தங்கவயலின் சயனைட் மேடுகளில் எடுக்கப்பட்டது. தாதுக் கல்லைப் பொடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற சேற்றைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடுகள் அவை. மொத்தம் 13. ஆடி மாதக் காற்றில் அந்தத் தூள் பறந்து துணியிலும் சோற்றிலும் விழும். மேட்டின் மேல் ஒன்றும் முளைக்காத இடங்கள் உண்டு. மேட்டை விட்டு இறங்கினால் புதர், பாறை, ஏரி, ராகிக் கொல்லை. எங்கள் கல்லாவி எப்படியோ அப்படித்தான். அந்தத் தூள் மேட்டை எந்தப் பாம்பும் விரும்பாது. நிழலும் இல்லை, இரையும் இல்லை. பாம்பு இருப்பது மேட்டின் விளிம்பில், புதர் தொடங்கும் இடத்தில். அந்த விளிம்பில்தான் வீடுகளும் இருக்கின்றன.

1799ல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, 1802ல் ஊரிகம், மாரிகுப்பம் பக்கம் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைக் கேள்விப்பட்டு நேரில் பார்த்து எழுதிவைத்தார். எழுபது வருஷம் கழித்து அந்தக் குறிப்பு மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரரை இழுத்துவந்தது. நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் ஓய்வாக இருந்தவர். 1873ல் மைசூர் அரசிடம் உரிமை வாங்கினார். கையில் காசு இல்லாததால் கொஞ்ச வருஷத்தில் விற்றுவிட்டார். 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் உண்மையான சுரங்கம் தொடங்கியது. 1894ல் ரயில். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905ல்தான் என்று தங்கவயல்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார்கள். அந்த வெளிச்சம் முதலில் போனது மிஷினுக்கும் துரைமார் பங்களாவுக்கும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஏழைகள். பெரும்பாலோர் தலித்துகள். நிலச்சுவான்தாரின் வாசலில் நிற்பதைவிடப் பாதாளம் மேல் என்று வந்தவர்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்தில் 1907லேயே கிளை அமைந்தது இந்த ஜனங்களால்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வீடு மூங்கில் தட்டி வீடு. தட்டியால் சுவர், தட்டியால் கூரை, மண் தரை. வரிசை வரிசையாகக் கட்டியதால் லைன்.

தட்டி என்றால் எலி. 1898ல் மைசூர் சமஸ்தானத்துக்குள் பிளேக் வந்தபோது தங்கவயலையும் அது விடவில்லை. எலிக்கும் பிளேக்குக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டு அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள இன்னும் சில வருஷம் ஆனது. ஆனால் நெருக்கமான தட்டி வீடுதான் பிரச்சினை என்று அப்போதே பட்டுவிட்டது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று தெருவை நேராகப் போட்டுப் புது நகரங்களை வகுத்தது இந்தப் பயத்தில்தான். தங்கவயலின் வரைபடத்தில் பாதி எலியால் வந்தது என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

எலி இருந்தால் பாம்பு வரும். தாத்தா சொன்ன "எலிக்குக் காவல்" அதுதான். சாரைப்பாம்பு வரும், அது நல்லது. நல்லபாம்பு வரும். கண்ணாடி விரியன் வரும். பாறைப் பக்கம் சுருட்டை. மூன்று பாஷை பேசுகிற ஊர் ஆகையால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர். கண்ணாடி விரியன் கன்னடத்தில் கொளகு மண்டல, தெலுங்கில் ரக்த பிஞ்சரி. சுருட்டை விரியனைக் கன்னடக்காரர்கள் கரகஸ மண்டல என்பார்கள். கரகஸம் என்றால் ரம்பம். அந்தப் பாம்பு உடம்பை வளைத்து, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும். பேர் வைத்தவன் கிட்டத்தில் இருந்து கேட்டிருக்கிறான்.

இந்தியாவில் கிலுகிலுப்பைப் பாம்பு கிடையாது. அது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. வாலின் நுனியில் நகம் போன்ற பொருளால் ஆன வளையங்கள். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். நுனி உடைந்தும் போகும் என்பதால் வளையத்தை எண்ணி வயசு சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலையைச் செய்கிற பாம்புகள் நம்மிடமும் உண்டு. சுருட்டை உரசுகிறது. கண்ணாடி விரியன் சீறுகிறது. அந்தச் சீறல் ஒருமுறை கேட்டால் மறக்காது.

*

அத்தையை மாரிகுப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேலே கீழே. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இறக்கினால்தான் மனுஷன் நிற்க முடியும். 1965ல் விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்துக்குள் கருவி வைத்து, வளிமண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். மாமாவுக்கு அதைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: "அவங்க பொட்டிக்குப் பக்கத்துல மட்டும் ஜில்லுனு இருக்கும்."

எண்பதுகளில் கோடை விடுமுறைக்கு நான் அங்கே போவேன். அப்போதும் பாம்பு உண்டு. ஆனால் அதைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு இருந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆள் வரும். லைனுக்கும் புதருக்கும் நடுவே செடியை வெட்டுவார்கள். ஷிப்டு சங்கு ஊதும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான கால்கள் அந்தத் தெருவில் நடக்கும். பாம்புக்குக் காதுத் துளை இல்லாவிட்டாலும் தரையின் அதிர்வு தெரியும், அத்தனை கால் நடமாட்டம் இருக்கும் இடத்தில் அது படுக்காது. கடித்தால் போகச் சுரங்கத்தின் ஆஸ்பத்திரி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பேர் பெற்றது.

சுரங்கம் 1956ல் அரசுடைமையானது. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி ஆனது. ஒரு டன் கல்லில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே போக, ஆழமும் செலவும் ஏறிக்கொண்டே போயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். சுமார் 120 வருஷத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் வெளியே போயிருந்தது. கடைசியில் வேலையிழந்தவர்கள் 3,000 பேருக்கும் மேல். பம்புகள் நின்றன, சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. ஆஸ்பத்திரியும் சுரங்கத்தோடு முடங்கியது.

ரயோலைட்டில் மின்சாரம் போனபோது ஜனங்களும் போய்விட்டார்கள். பாம்பு காலி வீட்டுக்குள் வந்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. தங்கவயலில் ஜனங்கள் போகவில்லை. நண்பருடைய ஒப்புமையில் உள்ள ஓட்டை இதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அந்த நகரத்தில் 1,60,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நூறு வருஷமாக இருக்கிற ஊரை விட்டு எங்கே போவது? கல்லாவிக்கா? எங்கள் ஊரில் அவர்களுக்குக் கால் காணி நிலம்கூட இல்லை. விடியற்காலை ரயிலைப் பிடித்து, சுமார் 100 கிலோமீட்டர் போய், பெங்களூரில் செக்யூரிட்டியாகவும் எலெக்ட்ரீசியனாகவும் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி அதே லைன் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். என் அத்தை மகன் இருபது வருஷமாக அப்படித்தான் வாழ்கிறான்.

ஜனங்கள் இருந்தார்கள், நடு நடுவே சில வீடுகள் மட்டும் காலியாயின. ஒரு லைனில் பத்து வீடு என்றால் மூன்று பூட்டியிருக்கும், அதில் ஒன்றின் கூரை விழுந்திருக்கும். விழுந்த வீட்டில் உண்ணிச்செடி முளைக்கும். அதற்கு அடியில் எலி. எலிக்குச் சோறு பக்கத்து வீட்டில் கிடைக்கும். ஒரு விரியனுக்கு வேண்டிய எல்லாம் பத்தடி தூரத்துக்குள். அமெரிக்காவின் பாம்புகள் குளிர்காலத்தில் கைவிட்ட சுரங்க வாய்க்குள் கூட்டமாகப் போய் உறங்குமாம். நம் ஊரில் அப்படிப்பட்ட குளிர் இல்லை. விரியனுக்குச் சுரங்கம் வேண்டாம், இடிந்த சுவர் போதும். முட்டை போடாது, குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு இருபது, முப்பது. கோடை முடிந்து மழை தொடங்கும் சமயத்தில்தான் குட்டிகள் அதிகம் கண்ணில் படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கூச்சமாக இருந்தாலும். பழைய லைன் வீடுகளில் கக்கூஸ் உள்ளே கிடையாது. லைனுக்குப் பொதுவாகக் கட்டியிருந்தார்கள். பராமரிப்பு நின்ற பிறகு அவற்றில் பல உபயோகத்துக்கு லாயக்கற்றுப் போயின. பொம்பளைகள் இருட்டோடு எழுந்து புதர்ப் பக்கம் போனார்கள்.

*

சுரங்கம் மூடி ஏழெட்டு வருஷம் இருக்கும். ஜூன் மாசம், விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அத்தை வெளியே போயிருக்கிறாள். கரண்ட் இல்லை. இடிந்த வீட்டைச் சுற்றிப் போகும்போது சத்தம் கேட்டிருக்கிறது. அதைப் பற்றி அவள் சொன்னதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"யார் வூட்லயோ குக்கர் வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்டா. இவன் மாதிரி ஃபஸ்ட் டிரெயினுக்குப் போறவங்க வூட்டுல அந்நேரத்துக்கு சோறாக்குவாங்க இல்ல? சத்தம் பக்கத்துலயே வந்துனு இருக்குது. அப்பவும் எனக்குத் தோணல."

கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டுவதும் விரியன் சீறுவதும் ஒரே காரணத்துக்காக: பெரிய பிராணி மிதித்துவிடாமல் இருக்க. விஷம் செலவான சரக்கு, இரைக்கு வைத்திருப்பது. அந்தப் பாம்பு தன் பங்கைச் செய்துவிட்டது. பாதத்துக்கு மேலே, கணுக்காலில் கடி.

முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். அதில் முக்கால் மணி நேரம். பிறகு ஒரு ஆஸ்பத்திரி. மருந்து இருப்பு இல்லை என்று இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் போகும்போதே ஈறில் ரத்தம். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் அவள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேஜைமேல் நிறுத்திவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அத்தை மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்து போடாமல் என்ன வேடிக்கை என்று சத்தம் போட்டிருக்கிறான். அது வேடிக்கை இல்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரிய மிஷின் இல்லாத ஆஸ்பத்திரிக்கென்றே வகுத்த சோதனை அது. டாக்டர் குழாயைச் சாய்த்தார். ஓடியது.

பத்து குப்பி போட்டார்கள். பிழைத்தாள். சிறுநீரகம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

அந்தக் குப்பிக்குள் இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது உலகத்தில் எங்கேயும் பாம்புக்கடிக்கு மருந்து இல்லை. 1890களில் ஆல்பெர் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர்தான் நாகப்பாம்பு விஷத்துக்கு முறிவு செய்து காட்டினார். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிவை எடுக்கும் முறை. இன்றும் அதே முறைதான். இந்தியாவில் அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்தே பிழைத்தவர்கள் இருளர்கள். 1972ன் வனவிலங்குச் சட்டமும் அதற்குப் பிறகு வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978ல் ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் சங்கம் உருவாகி, பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்ப விட்டுவிடும் தொழிலாக அது மாறியது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து விரியனின் விஷத்தில் செய்த மருந்து வேறு இடத்து விரியனுக்கு அதே அளவு வேலை செய்யுமா என்பது இப்போது பெரிய கேள்வி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் ஆய்வுக்குழு, ஒரே இனப் பாம்பின் விஷம் இடத்துக்கு இடம் மாறுவதையும் மருந்தின் திறன் சில இடங்களில் குறைவதையும் காட்டியிருக்கிறது. அத்தை மகன் தினம் போய்வரும் அதே பெங்களூர்தான்.

2000லிருந்து 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020ல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டிலேயே நேர்ந்த சாவுகள். ரயோலைட்டுக்குப் போய்ப் பாழடைந்த வங்கியைப் படம் பிடிக்கிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். தங்கவயல் லைன் வீட்டுக்காரர்கள் வருவார்கள், கிராமமாகவும் இல்லாமல் நகரமாகவும் இல்லாமல்.

*

போன வருஷம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மாமா இல்லை, நெஞ்சில் தூசி படிந்துதான் போனார். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. லைன் வீட்டைத் தொழிலாளிகளுக்கே சொந்தமாக்கித் தருவது பற்றிய பேச்சு சுரங்கம் மூடிய காலத்திலிருந்து நடக்கிறது. அதற்கான காகிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாள். இப்போது சயனைட் மேடுகளை மறுபடி சலித்து, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். 2024ல் கர்நாடக அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. லைனில் சிலருக்கு வேலை வரும் என்று நம்பிக்கை. அத்தைக்கு வேறு கவலை. "மேட்டை நோண்டுனா அங்க ஓரத்துல கீற எலி, பாம்பு எல்லாம் எங்க போகும்? இங்கதான் வரும்."

சாயங்காலம் அந்த இடிந்த வீட்டைக் காட்டினாள். கூரை இல்லை. அடுப்பு இருந்த மூலையில் இடுப்புயரத்துக்குப் புற்று எழுந்திருந்தது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சின்னச் சூலம் நட்டிருந்தார்கள். முட்டை ஓடு கிடந்தது.

"நீயா அத்தை வெச்சே?"

"எல்லாரும் சேர்ந்துதான். என்னைக் கடிச்ச அப்புறம்."

"அதையே இடிச்சுத் தள்ளிட்டு, செடியை வெட்டிட்டா பாம்பு போயிடும் இல்ல?"

"வூடு யாருதுன்னே தெரியாம எப்படிடா இடிக்கறது? கேஸு வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "செடிய நாங்களே வெட்டறோம். மாசத்துக்கு ஒரு தரம். வூட்டுக்கு அம்பது ரூபா" என்றாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தை மகன் வாங்கிக்கொடுத்த டார்ச்சை எடுத்துக்கொண்டாள். அதோடு ஒரு கம்பு, மாமா ஷிப்டுக்குக் கிளம்பும்போது கொண்டுபோன கைத்தடி. வாசல் படியில் நின்று தரையை மூன்று முறை தட்டினாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் போன எடத்துலயே கால வெச்சு வாடா" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கி நடந்தாள்.